தோலின் பிணைப்புத் தளரும்போது: பெம்பிகஸ் நோயும் எல்லைக் கிராமங்களின் பொறுப்பும்

(நெய்யாற்றின்கரை வட்டம் குளத்தூரில், மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் வாசகம்)



மலேரியா, காசம், தொழுநோய், யானைக்கால் ஆகியவை பற்றிப் பேச அழைத்திருந்தால் உங்களுக்கு வியப்புத் தோன்றியிராது. அவை பல்லாயிரம் மக்களைத் தாக்கும் நோய்கள். அவற்றுக்கென்று தேசியத் திட்டங்கள் உண்டு, சுவரொட்டிகள் உண்டு, கணக்கெடுப்புகளும் உண்டு. இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் நோயோ மிக அரியது. உங்களுள் பலர் அதன் பெயரைக்கூடக் கேள்வியுற்றிருக்க மாட்டீர்கள். அதன் பெயர் பெம்பிகஸ். கொப்புளம் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

அரிய நோயைப் பற்றி வளர்ச்சிப் பணியாளர்கள் ஏன் கவலைகொள்ள வேண்டும் என்று கேட்கலாம். காரணம் எளியது. கண்டுகொள்ளாமல் விட்டால் இந்நோய் உயிரைக் கொல்லும். கண்டுகொண்டு, மருத்துவத்தை இடைவிடாமல் நடத்தினால் பெரும்பாலோர் பிழைத்துத் தம் தொழிலுக்குத் திரும்புகின்றனர். இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தைக் கடக்கப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. கிராமத்தில் இருப்போரின் விழிப்பே தேவை.

எத்தனை பேருக்கு வருகிறது?

கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் நடத்தப்பெற்று 2008இல் வெளியான ஓர் ஆய்வு, ஆண்டொன்றுக்குப் பத்து லட்சம் மக்களுள் 4.4 பேருக்குப் பெம்பிகஸ் புதிதாகத் தோன்றுவதாகக் கணக்கிட்டது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஏறத்தாழ 33 லட்சம் பேரும், கன்னியாகுமரி மாவட்டத்தில் 18 லட்சத்து 70 ஆயிரம் பேரும் இருந்தனர். திருச்சூரின் விகிதமே இங்கும் பொருந்துமென்று கொண்டால், இவ்விரு மாவட்டங்களிலும் சேர்த்து ஆண்டுதோறும் ஏறத்தாழ 23 பேர் இந்நோய்க்கு ஆளாவர். எண்ணிக்கை சிறிதுதான். ஆயினும் நோய் பல ஆண்டுகள் நீடிப்பதால், எக்காலத்திலும் இப்பகுதியில் மருத்துவம் பெற்றுக்கொண்டிருக்க வேண்டியவர்கள் பன்மடங்கு இருப்பர். நடுத்தர வயதினரும் அவர்களினும் இளையோரும் நம் நாட்டில் பெருமளவில் இதற்கு ஆளாகின்றனர் என்பதையும் கருத வேண்டும். குடும்பத்துக்கு உழைத்துச் சோறு போடும் வயது அது.

நோயின் இயல்பு

வெட்டுக்கல்லை அடுக்கிச் சாந்து பூசிச் சுவர் எழுப்புவதை இவ்வூரில் யாவரும் கண்டிருப்பீர்கள். நம் மேல்தோலும் அத்தகைய சுவரே. உயிரணுக்கள் கற்கள், அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதங்கள் சாந்து. அப்புரதங்களுள் முதன்மையானவை டெஸ்மோகிளீன் எனப்படுபவை. கிருமிகளை எதிர்ப்பதற்காக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள், இந்நோயில் தவறுதலாக அந்தச் சாந்தையே பகையாகக் கருதித் தாக்குகின்றன. கற்கள் பிரிகின்றன. பிரிந்த இடத்தில் நீர் தேங்குகிறது. அதுவே கொப்புளம்.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் பணியாற்றிய பியூட்னர், ஜோர்டான் என்னும் ஆய்வாளர்கள் 1964இல் நோயாளிகளின் குருதியில் இவ்வெதிர்ப்பொருள்களைக் கண்டறிந்தனர். அதற்குமுன் இது தொற்றா, நச்சா என்ற ஐயம் நீங்காதிருந்தது. இன்று நாம் ஐயமின்றிச் சொல்லலாம்: பெம்பிகஸ் ஒட்டுவாரொட்டி அன்று. நோயாளியின் தட்டில் உண்பதாலோ, அவர் பாயில் படுப்பதாலோ, அவர் புண்ணைக் கழுவிக் கட்டுவதாலோ அது பிறருக்கு வராது. முற்பிறப்பின் வினையும் அன்று. பாம்பின் சாபமும் அன்று. சிலருக்குப் பெனிசிலமின், கேப்டோபிரில் போன்ற மருந்துகள் இதனைத் தூண்டிவிடுவது உண்டு. ஆதலால் நோயாளி உட்கொண்டுவரும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

டெஸ்மோகிளீன் ஒரே வகையன்று. மூன்றாம் வகை வாயின் உட்பூச்சில் மிகுதி. முதலாம் வகை தோலின் மேலடுக்கில் மிகுதி. மிகப் பரவலாகக் காணப்படும் பெம்பிகஸ் வல்காரிஸ் என்னும் பிரிவில் பெரும்பாலும் மூன்றாம் வகையே முதலில் தாக்கப்படுகிறது. நோய் பலருக்கு வாயில் தொடங்கி, வாரங்களோ மாதங்களோ கழித்துத் தோலுக்குப் பரவுவதன் காரணம் இதுவே. இந்த ஒரு செய்தியை மட்டும் இங்குள்ளோர் நினைவில் கொண்டாலும் என் உரை பயன்பட்டதாகும்.

காலம் எங்கே வீணாகிறது?

எடுத்துக்காட்டாக ஒருவரை மனத்தில் எண்ணிக்கொள்வோம். இவ்வட்டாரத்துக் கைத்தறி நெசவாளி, வயது நாற்பத்தைந்து, பெண். முதலில் வாயில் புண். வெற்றிலைச் சுண்ணாம்பு சுட்டுவிட்டது என்று நினைக்கிறார். வாய்ப்புண்ணுக்கு வைட்டமின் மாத்திரை வாங்கி விழுங்குகிறார். இரண்டு மாதம் கழிகிறது. காரம் உண்ண முடியவில்லை, பிறகு கஞ்சியும் எரிகிறது, உடல் மெலிகிறது. மூன்றாம் மாதம் மார்பிலும் முதுகிலும் தளர்ந்த நீர்க்கொப்புளங்கள் தோன்றித் தொட்டால் உடைகின்றன. அக்கி என்று சொல்லிக் காவியால் அக்கி எழுதுகிறார்கள். விஷக்கடி என்று சொல்லிப் பச்சிலை அரைத்துப் பூசுகிறார்கள். அம்மை என்று சொல்லித் தனியறையில் கிடத்துகிறார்கள். ஒவ்வொன்றிலும் பத்து நாள், பதினைந்து நாள் கழிகின்றன.

இவர்களை நான் பழிக்கவில்லை. அக்கி எழுதுவோர் கெட்ட எண்ணத்தோடு எழுதுவதில்லை. அக்கி தானே இரண்டு மூன்று வாரங்களில் ஆறிவிடும் நோய். ஆகவே எழுதியதால் ஆறியது என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டது. பெம்பிகஸ் அவ்வாறு தானே ஆறுவதில்லை. இந்த வேறுபாட்டைத்தான் நாம் மக்களுக்குக் கற்பிக்க வேண்டும்.

அக்கி உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகத் தோன்றும், வலி மிகும், ஆறிவிடும். அம்மையில் காய்ச்சலோடு சில நாள்களில் கொப்புளங்கள் பொங்கிக் காய்ந்துவிடும். பெம்பிகஸில் கொப்புளம் தளர்ந்திருக்கும், எளிதில் உடையும், உடைந்த இடம் சிவந்த பச்சைப்புண்ணாக விரிந்துகொண்டே போகும், வாயிலும் புண் இருக்கும். முதியவர்களுக்குத் தோன்றும் மற்றொரு கொப்புள நோய் உண்டு. அதில் கொப்புளங்கள் விறைப்பாகவும் அரிப்போடும் இருக்கும். அதுவும் மருத்துவமனைக்கு உரியதே.

ஆகவே ஆஷா பணியாளர்களும் சுகாதார ஆய்வாளர்களும் இரு கேள்விகளைக் கேட்டறிந்தால் போதும். வாய்ப்புண் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாதிருக்கிறதா? கொப்புளம் உடைந்த இடம் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் பரவுகிறதா? இவற்றுள் ஒன்றுக்கு ஆம் என்ற விடை வந்தாலும் தோல்நோய் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மூன்று வாரம் ஆறாத வாய்ப்புண் புற்றுநோயாகவும் இருக்கக்கூடும். வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் வழக்கம் உள்ள இப்பகுதியில் இவ்விதி இருவகையிலும் உயிர் காக்கும்.

நோயறியும் முறை

மருத்துவர் செய்யும் சோதனைகள் அச்சம் தருவன அல்ல. கொப்புளத்துக்கு அருகில் உள்ள நலமான தோலை விரலால் மெல்ல அழுத்தித் தேய்த்தால் மேல்தோல் நழுவி வரும். உருசிய மருத்துவர் நிக்கோல்ஸ்கி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விளக்கிய அடையாளம் இது. கொப்புளத்தின் அடித்தளத்தைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் பூசி, சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், பிணைப்பிழந்து உருண்டு கிடக்கும் உயிரணுக்கள் தெரியும். இச்சோதனை சாங்க் என்பவர் பெயரால் வழங்குகிறது. நுண்ணோக்கியும் சாயமும் உள்ள எந்த ஆய்வுக்கூடத்திலும் இதனைச் செய்யலாம். உறுதிப்படுத்தத் தோலில் சிறு துண்டு எடுத்துத் திசுச் சோதனையும், எதிர்ப்பொருளை ஒளிரச்செய்து காணும் சோதனையும் மருத்துவக் கல்லூரிகளில் செய்யப்படும்.

மருத்துவத்தின் வரலாறு

ஸ்டீராய்டு மருந்துகள் வருவதற்கு முன்னர் பெம்பிகஸ் வல்காரிஸ் உற்றோரில் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் இறந்தனர். தோலிழந்த உடலிலிருந்து நீரும் புரதமும் உப்பும் வடிந்தன, கிருமிகள் புகுந்தன. 1950களில் ஸ்டீராய்டு புழக்கத்துக்கு வந்தபின் நிலைமை தலைகீழாக மாறிற்று. ஆனால் புதிய இடர் ஒன்றும் உடன்வந்தது. நோயை அடக்கப் பெரும் அளவு மருந்தை நாள்தோறும் நெடுங்காலம் உட்கொள்ள வேண்டியிருந்தது. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, எலும்புத் தேய்வு, தொற்று ஆகியவை அதன் விளைவுகள்.

இவ்விடத்தில் நம் நாட்டின் பங்களிப்பு ஒன்றைப் பெருமையோடு குறிப்பிட வேண்டும். புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் பஸ்ரீச்சா 1980களின் தொடக்கத்தில் வேறொரு வழியைக் கண்டார். டெக்சாமெதசோன் 100 மில்லிகிராம் அளவைக் குளுகோஸ் நீரில் கலந்து தொடர்ந்து மூன்று நாள் இரத்தநாளத்தில் மெல்லச் செலுத்துவது. அவற்றுள் ஒருநாள் சைக்ளோபாஸ்பமைடு 500 மில்லிகிராம் சேர்ப்பது. இதனை 28 நாளுக்கு ஒருமுறை திரும்பச் செய்வது. இடைப்பட்ட நாள்களில் சைக்ளோபாஸ்பமைடு 50 மில்லிகிராம் மாத்திரை மட்டும் கொடுப்பது. இதுவே பல்ஸ் மருத்துவம் என்று பெயர் பெற்றது. இதுபற்றிய கட்டுரை 1984இல் இந்தியத் தோல்நோய் மருத்துவ இதழில் வெளியாயிற்று. அதன்பின் நாடெங்கும் பல மருத்துவமனைகள் இம்முறையைக் கைக்கொண்டன.

இதன் சிறப்பு இரண்டு. பயன்படும் மருந்துகள் பழையவை, விலை குறைந்தவை, நம் நாட்டிலேயே செய்யப்படுபவை. அடுத்து, மருத்துவம் முடிவுள்ள நான்கு கட்டங்களாக வகுக்கப்பட்டிருந்தது: புண் ஆறும்வரை ஒன்று, ஆறியபின்னும் பல மாதங்கள் தொடர்வது ஒன்று, மாத்திரை மட்டும் உட்கொள்வது ஒன்று, மருந்தை நிறுத்திக் கண்காணிப்பது ஒன்று. வாழ்நாள் முழுதும் மருந்து என்ற நிலை மாறி, ஒருநாள் மருந்து முடியும் என்ற நம்பிக்கை பிறந்தது. குறைகளும் உண்டு. சைக்ளோபாஸ்பமைடு மகப்பேற்றுத் திறனைக் கெடுக்கக்கூடும். ஆகவே இனி மக்களைப் பெற விரும்புவோருக்கு அதற்கு மாற்றாக அசதயோப்ரின் போன்றவற்றை மருத்துவர் தேர்ந்தெடுப்பர்.

இன்று மற்றொரு மருந்து முன்னிடம் பெற்றுள்ளது. எதிர்ப்பொருள் உண்டாக்கும் அணுக்களின் மூலத்தையே குறைக்கும் ரிட்டுக்சிமாப் அது. பிரான்சு நாட்டில் 90 நோயாளிகளிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், ரிட்டுக்சிமாபும் குறுகிய காலம் ஸ்டீராய்டும் பெற்றோரில் 89 விழுக்காட்டினர் இரண்டாண்டு முடிவில் மருந்தின்றியே நோய் நீங்கியிருந்தனர்; ஸ்டீராய்டு மட்டும் பெற்றோரில் அவ்வாறிருந்தவர் 34 விழுக்காட்டினரே. 2018இல் அமெரிக்கா இதனைப் பெம்பிகஸ் நோய்க்கென அங்கீகரித்தது. நம் நாட்டில் ஐதராபாத்து டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் 2007இலேயே இம்மருந்தின் உள்நாட்டு வடிவத்தை வெளியிட்டிருந்தது. எனினும் ஏழைக் குடும்பத்துக்கு இது இன்னும் பெருஞ்செலவே. இதனைச் செலுத்துமுன் காசமும் கல்லீரல் அழற்சிக் கிருமியும் உண்டா என்று சோதிப்பதும் இன்றியமையாதது.

வீட்டில் செய்யத்தக்கவை

மருந்து பாதி, பேணுதல் பாதி. புண்ணில் துணி ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது தோலும் சேர்ந்து உரிவதே நோயாளியின் பெருந்துன்பம். இதற்கு நம் தோட்டத்து வாழையிலை அரிய துணை. தூய்மையாகக் கழுவிய தளிரிலையை விரித்து அதன்மேல் நோயாளியைக் கிடத்தினால் தோல் ஒட்டாது, குளிர்ச்சியும் உண்டாகும். நம் மருத்துவமனைகளிலும் இவ்வழக்கம் உண்டு. பெரிய கொப்புளத்தைத் தூய ஊசியால் செவிலியர் குத்தி நீரை வடித்து, மேற்றோலை அப்படியே விட்டுவிட வேண்டும். அதுவே இயற்கைக் கட்டு. மேற்றோலை உரித்தெறிவது தவறு. பச்சிலை, சாம்பல், சாணம் எதனையும் புண்ணில் இடலாகாது.

உணவில் மிளகாய், புளி, மொறுமொறுப்பான பப்படம், சூடான பானம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். ஆறிய கஞ்சி, மசித்த மரச்சீனி, மசித்த பயறு, முட்டை, காரமிடாது வேகவைத்த மீன் ஆகியன நன்று. புண்வழியே புரதம் வடிந்துபோவதால் வெறுங்கஞ்சி மட்டும் போதாது. ஸ்டீராய்டு உட்கொள்வோர் உப்பையும் இனிப்பையும் குறைத்து, எலும்புக்குச் சுண்ணச்சத்து பெறல் வேண்டும். உச்சிவெயில் நோயைக் கிளறும். நிழலில் இருத்தல் நலம். காய்ச்சலோ, புதிய சீழோ கண்டால் அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். இக்காலத்தில் இந்நோயாளிகளைக் கொல்வது பெரும்பாலும் கொப்புளம் அன்று, தொற்றே.

இடைநிறுத்தம் என்னும் பகை

இனி என் உரையின் உயிர்நாடிக்கு வருகிறேன். மூன்று மாதத்தில் புண் ஆறிவிடுகிறது. மனைவிக்குக் குணமாகிவிட்டது என்று கணவர் மகிழ்கிறார். பேருந்துக் கட்டணமும் ஒருநாள் கூலியும் கணக்கில் வருகின்றன. அடுத்த முறை செல்வதில்லை, மாத்திரையும் நின்றுவிடுகிறது. அல்லது ஸ்டீராய்டு உடலைக் கெடுக்கும் என்று யாரோ சொல்ல, அச்சத்தால் ஒரே நாளில் நிறுத்திவிடுகிறார்கள். நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொண்டவரின் உடல், தானே சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்திருக்கும். திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே கேடு நேரலாம். நோயும் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம். அளவைப் படிப்படியாகக் குறைப்பது மருத்துவரின் பணி. அது நம் விருப்பத்துக்கு உரியதன்று.

எல்லையில் இச்சிக்கல் இருமடங்கு. 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடு முதலிய நான்கு வட்டங்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. உறவும் சந்தையும் திருமணமும் எல்லையைப் பொருட்படுத்துவதில்லை. பாறசாலையில் இருப்பவர் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கும் செல்வார். மகள் வீடு களியக்காவிளைக்கு அப்பால் இருந்தால் ஆசாரிப்பள்ளத்துக்கும் செல்வார். ஆனால் நோய்க்குறிப்பு அவரோடு செல்வதில்லை. காப்பீட்டுத் திட்டமோ அந்தந்த மாநிலத்தின் குடும்பங்களுக்கே உரியது. மருந்து உண்ணும் முறை மலையாளத்தில் எழுதப்பட்டிருக்க, வீட்டில் அதனைப் படிக்கத் தெரிந்தவர் இல்லாமற்போவதும் உண்டு.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. மூன்று செயல்களை முன்வைக்கிறேன். முதலாவது, ஒவ்வொரு நோயாளியும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய ஒரே ஏட்டை எம்மருத்துவமனைக்கும் கொண்டுசெல்லட்டும்; ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தலாகாது என்பது அதன் முதற்பக்கத்தில் இருக்கட்டும். இரண்டாவது, வீடு தேடிச் செல்லும் பணி இரு மாநிலங்களிலும் ஏற்கெனவே உள்ளது. கேரளம் 2008இல் வலிதணிப்புப் பராமரிப்புக் கொள்கையை அறிவித்து, ஊராட்சிகள் வழியாகச் செவிலியரை இல்லங்களுக்கு அனுப்பிவருகிறது. தமிழகம் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அவர்களுடைய பட்டியலில் பெம்பிகஸ் நோயாளியின் பெயரும் இடம்பெறட்டும். புண்கட்டவும், சர்க்கரை பார்க்கவும், அடுத்த தேதியை நினைவூட்டவும் அதுவே போதும். மூன்றாவது, மாணவர்களாகிய நீங்கள். உங்கள் வீட்டுப் பாட்டியும் அத்தையும் நம்புவது சுவரொட்டியை அன்று, உங்களைத்தான். ஆறாத வாய்ப்புண்ணைக் கண்டால் அக்கி எழுதும் இடத்துக்குமுன் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஆண்டுக்கு இருபத்துமூன்று பேர் என்று கணக்கிட்டோம். திட்டக் குழுவின் ஏட்டில் அது பிழைவிளிம்புக்குள் மறைந்துவிடும் எண். ஆனால் அந்த ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு தறி நின்றுபோகிறது. ஓர் அடுப்பு அணைகிறது. பெருவாரி நோய்களை வெல்வது அரசின் வலிமையைக் காட்டும். அரிய நோயில் தனித்து விடப்பட்டவரையும் மறவாது தேடிச் செல்வது அதன் பண்பைக் காட்டும். அப்பண்பு தலைநகரில் தோன்றி இங்கு வரவேண்டியதில்லை, குளத்தூரிலிருந்தே தொடங்கலாம்.